முரண்பட்ட பிரதி

அணைக்குள்ளே ஒரு நடை இருக்கிறது.
வெளியே நின்று படமெடுத்துப் போகிறவர்களுக்குத் தெரியாது.
ஸ்வானெத்தி மலைகளுக்கு நடுவே
சுவருக்குள், சுவரின் நீளத்துக்கு
ஆள் உயரத்தில் ஒரு குடைவு.
கோடையிலும் ஏழு டிகிரி.
நானூற்றுப் பன்னிரண்டு படி.
மின்தூக்கி மார்ச்சில் நின்றது;
விண்ணப்பம் குதாயிசியில் யார் மேசையிலோ.

முதல் வளைவு தாண்டியதும்
கைபேசியின் கோடுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்து
மூலையில் ஒரு சின்னப் பெருக்கல் குறி.
அதற்கப்புறம் நான் எழுதுவதெல்லாம்
எனக்கும் அந்தக் கண்ணாடிக்கும் நடுவில்.

புதிய குறிப்பு. கூடம் மூன்று. விரிசல் பதினான்கு.
சூயிங்கம் வைத்து ஒட்டிய இருபது தெத்ரி நாணயம்,
அளவு தெரிவதற்காக.
படத்தின் காலடியில் எழுதுகிறேன்:
புள்ளி நான்கு மில்லிமீட்டர். கசிவு இல்லை.
செயலி சொல்கிறது: இணைப்பு வந்ததும் அனுப்பப்படும்.
ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு வட்ட அம்பு,
சுற்றவும் இல்லை, போகவும் இல்லை,
மனுவோடு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டவர் மாதிரி.

அறுபத்தொரு படம்.
அதில் ஒன்று என் ரொட்டி.
குளிரில் விறைத்துச் செங்கல்லாய்க் கிடந்ததைத்
தெமூரிக்குக் காட்ட எடுத்தேன்.
அறிக்கையில் அது விரிசல் இருபத்திரண்டாகப் போய்ச்சேரும் என்று
அப்போது தெரியாது.

எதிர்முனையிலிருந்து வர்லாம் வருவார்.
அவருக்கும் இதே செயலி, இதே பட்டியல்.
பகிரப்பட்ட குறிப்பேடு என்று பெயர்;
கீழே குளிரைத் தவிர எதையும் பகிர முடியாது.
போகிற போக்கில் என் பக்கத்தையும் ஒருமுறை அளப்பார்.
பழக்கம்.
அவர் படத்தில் நாணயம் கிடையாது, கட்டைவிரல்:
கார்க் கதவில் நசுங்கிக் கறுத்த நகம்.
"விரல் அளவுகோல் ஆகாது" என்றால்
"முப்பது வருஷமாய் வளரவில்லையே, லாமாரா" என்பார்.

மாலை. மேலே, கம்பிவேலி ஓரம்.
கோடுகள் திரும்பின.
அம்புகள் சுழன்றன.
அறுபது பச்சை. ஒன்று சிவப்பு.
முரண்பட்ட பிரதி. எதை வைத்துக்கொள்ள வேண்டும்?

விரிசல் பதினான்கு, நாணயத்தோடு:
புள்ளி நான்கு. காலை ஒன்பதேகால்.
விரிசல் பதினான்கு, விரலோடு:
புள்ளி ஆறு. பிற்பகல் மூன்றே முக்கால்.

"உன் கண் இளசு" என்றார் வர்லாம்,
விட்டுக்கொடுக்கிற குரலில்.
எனக்கும் விரல் துடித்தது.
என்னுடையது இருக்கட்டும், மற்றதை நீக்கு, வீட்டுக்குப் போ.
பேருந்து ஆறரைக்கு.

ஆனால் ஒரே சுவரைப் பற்றிக்
காலை ஒன்று சொல்லி மாலை ஒன்று சொன்னால்
பார்த்தவர்களில் ஒருவர் தப்பு என்றுதான் ஆக வேண்டுமா?
சுவரும் ஏதாவது செய்திருக்கலாம்.
நடுவில் நீர்மட்டம் ஒரு முழம் ஏறியிருந்தது.

எந்தப் பொத்தானையும் தொடாமல்
விளக்கை மறுபடி தலையில் மாட்டினோம்.
இந்த முறை படிகளை முழங்கால் எண்ணியது.

நாணயம் அங்கேயே ஒட்டியிருந்தது.
நான் அளந்தேன். அவர் அளந்தார். மறுபடி நான்.
புள்ளி ஆறு. கொஞ்சம் கூடவும் இருக்கலாம்.
நாணயமும் கறுத்த நகமும் ஒரே படத்தில்.
நாணயத்தைப் பிய்த்தெடுத்தேன்;
அடியில் ஈரம்.

செயலி அதே நிதானத்தில்:
இணைப்பு வந்ததும் அனுப்பப்படும்.

பேட்டரி பதினொரு சதம்.
வர்லாம் சிகரெட் பெட்டியைக் கிழித்து
எண்ணை எழுதிச் சட்டைப்பையில் செருகினார்.
ஏறத் தொடங்கினோம்.
பள்ளத்தாக்கில் இந்நேரம் விளக்குப் போட்டிருப்பார்கள்.
யாரோ குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள்.

மூச்சு வாங்க நின்ற திருப்பங்களில்
அவர் சொன்னார்: பதினான்கு, புள்ளி ஆறு.
நான் சொன்னேன்: பதினான்கு, புள்ளி ஆறு.
திரையின் மூலையில் இன்னும்
அந்தப் பெருக்கல் குறி.